வாத்துத் தலைக்குள் ஒரு சனிக்கிழமை

உங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கூடைப்பந்து அணியை ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் வளர்ந்து, இப்போது ஸ்காபரோவிலோ யூனியன்வில்லிலோ முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரருக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணி நகரத்துக்கு வருவதற்கு முன்னால் வந்து, வந்த சுவடு தெரியாமல் போன சின்ன அணி அது. அதற்கு ஒரு வாத்து இருந்தது. ஆள் உள்ளே நின்று ஆட்டுகிற வாத்து. சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளை. பள்ளிக்கூட மைதானமெல்லாம் பச்சையாகக் கழிந்து வைக்கிற அதே கனடா வாத்துதான்.

பிளாசாவில் புதுக்கடை திறக்கிறார்கள் என்று யாராவது கரடி வேசமோ முயல் வேசமோ போட்டுக் கை காட்டினால், நான் இன்றைக்கும் மறுபக்கத்தால் போய்விடுவேன். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கட்டிப்பிடிக்க ஓடினால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அம்மாவுக்குப் பயம் என்று அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் பஸ்ஸால் இறங்கித் திரும்பி வருகிற ஆள் நான். ஆனால் இது வேறு. வயிற்றிலிருந்து மேலே ஏறி வருகிற அருவருப்பு.

அந்த வாத்துக்குள் நின்றவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் அப்பாட்மென்ற் ஹோலில், சோபாவில்தான் அவருடைய படுக்கை. அப்பாவுக்கு இரண்டு தொழிற்சாலைகளில் வேலை. அவரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முகமாகப் பார்ப்போம். மாமா முதலில் அந்த அணியின் அரினாவில் கதிரைகளுக்குக் கீழே கூட்டுகிற வேலைக்குத்தான் போனார். சீசன் தொடங்கிய புதிதில், வாத்துக்குள் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே தலையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டான். மனேச்சர் சுற்றிப் பார்த்து, தும்புத்தடியோடு உயரமாக நின்ற மாமாவைக் கை காட்டினார். அவ்வளவுதான் அந்த நியமனம்.

வீட்டுக்கு வெளியே அதை மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

"ஆர் கேட்டாலும் மாமா ஸ்போர்ட்ஸ் கொம்பனியிலை மார்க்கெற்றிங் எண்டு சொல்லு. விளங்கிச்சோ?"

"மார்க்கெற்றிங் எண்டா என்னம்மா?"

"அது கேக்கிற ஆக்களுக்கும் தெரியாது. நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தின் உடம்பு எங்கள் வீட்டுக்கு வரும். மாமா அதை இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி, ஸ்ரீட்காரில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கட்டடத்து மெஷினுக்குள் அது அடங்காது. குளிக்கிற தொட்டிக்குள் போட்டு, சுடுதண்ணீர் திறந்து, சவர்க்காரத் தூளைக் கொட்டிவிட்டு, அம்மா என்னை ஏறி மிதிக்கச் சொல்லுவார். மிதிக்க மிதிக்கப் பஞ்சுக்குள்ளிருந்து தண்ணீர் வரும். முதல் தண்ணீர் பிளேன் ரீயின் நிறம். இரண்டாவதும் அதே நிறம். மூன்றாவதில் மயிர் மிதக்கும், சோளப்பொரியின் கோது மிதக்கும். ஒருநாள் யாருடைய காயத்திலோ ஒட்டியிருந்த பிளாஸ்ரர் மிதந்து வந்து என் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. விரல்களுக்கிடையில் சவர்க்காரம் வழுக்குகிறதா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பேன். அதே தொட்டியில்தான் திங்கள் காலை குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

பல்கனியில் தொங்கப் போட்டால் குளிரில் விறைத்து, தலையில்லாத ஆள் மாதிரி நிற்கும். பக்கத்து வீட்டு அன்ரி கேட்டதற்கு, காப்பெற் என்றார் அம்மா.

தலை வீட்டுக்கு வராது. தலையைக் கழுவவே முடியாதாம். உள்ளே ஸ்பொஞ், நனைந்தால் பிய்ந்துவிடும். அதன் மணத்தை மறைக்க அம்மா ஓடிக்கொலோன் போத்தல் ஒன்று கொடுத்துவிடுவார்.

அந்த அரினாவை நீங்கள் இப்போதைய கண்ணாடி மண்டபங்கள் மாதிரி நினைத்துவிட வேண்டாம். அது பழைய ஹொக்கி மண்டபம். ஐஸை உருக்க மாட்டார்கள். அதற்கு மேலே பலகைத் தட்டுகளை அடுக்கி, அதில்தான் கூடைப்பந்து. கீழேயிருந்து வருகிற குளிர் பாதத்தைக் கடிக்கும். வெளியே கொஞ்சம் வெயில் எறித்த நாட்களில் பலகைப் பொருத்துகளுக்குள்ளால் ஈரம் கசியும். ஆறரை அடி ஆட்கள் சறுக்கிக் குப்புற விழுவார்கள். உடனே ஒரு பெடியன் துவாயோடு ஓடிவந்து முழங்காலில் நின்று துடைப்பான். கதிரைகளுக்கு நடுவே நிலம் முழுக்கக் காய்ந்த பியர். சப்பாத்தைத் தூக்கினால் தோல் உரிகிற மாதிரிச் சத்தம் கேட்கும். ஹொக்கிக்காரரின் வேர்வையும், திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயும், நனைந்த கம்பளிக் கோட்டும் சேர்ந்து ஒரு மணம். கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பும். ஆயிரக்கணக்கான கதிரைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். மிச்சம் எல்லாம் மடித்துவிட்ட சிவப்புக் கதிரைகள், பல்லில்லாத வாய் மாதிரி.

மாமா என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன அன்று, என் வயதுப் பெடியள் நாலைந்து பேர் வாத்தின் வாலைப் பிடித்து இழுத்து விழுத்தினார்கள். வாத்து மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக் காட்டியது. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்த விதத்துக்கு உண்மையாகவே நொந்திருக்கும் என்று தெரிந்துகொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்காது.

ஆட்டம் முடிந்து, சாமான் அறையில் மாமா தலையைக் கழற்றினார். முகம் அவித்த இறால் நிறத்தில் இருந்தது.

"உள்ளை காத்து வாறது சொண்டாலை மட்டுந்தான்," என்றார் வாத்தின் அலகைக் காட்டி. "மயக்கம் வாற மாதிரி இருந்தா சொண்டிலை ரெண்டு தட்டுத் தட்டுவன். துவாய்க்காரப் பெடியன் வந்து கூட்டிக்கொண்டு போவான்."

"அவன் வராட்டி?"

"நீ ஏனடி எல்லாத்துக்கும் வராட்டி, இல்லாட்டி எண்டு கேக்கிறாய்? வருவான்."

மாமாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தை பிறந்ததும் ஸ்காபரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கு இருபத்தெட்டு. ஷாம்பூப் போத்தல் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. அவருக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் தகப்பனார் ஊரில் தபாற்கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஏற்கெனவே ஒருதரம் ஏமாந்தவர். எஞ்சினியர் என்று சொல்லி வந்த மாப்பிள்ளையை, பிறகு கார்ப் பார்க் ஒன்றில் ரிக்கெற் கிழிக்கிற கூண்டுக்குள் கண்டாராம். அதனால் எங்கள் சோபாவில், மாமா படுக்கிற அதே சோபாவில் இருந்து, ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. மாப்பிள்ளை வேலை செய்யிற இடத்தை ஒருக்கா என்ரை கண்ணாலை பாக்கவேணும். பாத்திட்டு முற்றாக்குவம்."

அம்மாவின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. "அதுக்கென்ன அண்ணை? சனிக்கிழமை பின்னேரம் மட்ச் இருக்கு. முன்வரிசையிலை உங்களை இருத்திறம். மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

அவர் போய்க் கதவு மூடியதும் மாமா தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் உள்ளுக்கை நிண்டால் முன்வரிசையிலை ஆர் இருக்கிறது?"

"ஒரு நாள் லீவு கேள்."

"லீவு கேட்டா அடுத்த மட்சுக்கு வேறை ஒருத்தன் உள்ளுக்கை நிப்பான். அகதிக் கேஸும் முடியேல்லை. வேலையும் இல்லை எண்டு நிக்கேலுமே?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் என்னளவு உயரமான பெடியனும் இல்லை. முந்தின கோடையில்தான் நான் பெரியபிள்ளையாகி, மண்டபம் எடுத்து எனக்குச் சாமத்தியச் சடங்கு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து படியில் ஓடாதே, பல்கனியில் நின்று சிரிக்காதே, பெடியள் நிற்கிற லிப்ற்றில் ஏறாதே என்று மறித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"முகம் தெரியாதுதானே," என்றார் அம்மா.

"எனக்குப் பயமாக் கிடக்கம்மா."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்லை?"

"அதுக்குள்ளை மாமாவின்ரை வேர்வை..."

"சீ! அந்நிய ஆளே? உன்ரை மாமாதானே."

மாமா, வேண்டாம் அக்கா, அவள் சின்னப்பிள்ளை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் என் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இதே யோசனைதான். தலை கழன்று விழுந்தால்? மனேச்சர் கண்டுபிடித்தால்? பொலிஸ் வந்து மாமாவின் கேஸ் பறந்து, நாங்கள் எல்லோரும் விமான நிலையத்தில் சூட்கேசோடு நின்றால்? மாமா பின்னேரங்களில் ஹோலில் வைத்துப் பழக்கினார். மூன்று துள்ளல், ஒரு சுற்று, இரண்டு கையாலும் செட்டை அடி. வாலை ஆட்டு. இன்னும் ஆட்டு. அம்மா குசினியில் சமைத்தபடி பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை வந்தது. சாமான் அறையில் அம்மா அரைப் போத்தல் ஓடிக்கொலோனைத் தலைக்குள் ஊற்றினார். மாமா அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தார். கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. கழுத்தில் சிவப்பு ரை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவர்தான் என் தலையில் அதை மாட்டினார்.

உள்ளே மேலாக ஓடிக்கொலோன். அதற்குக் கீழே மாமா. அதற்கும் கீழே, எனக்குத் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பெடியனின் சிகரெட். ஸ்பொஞ் என் இரண்டு கன்னத்தையும் வந்து பிடித்தது. தாடைப் பட்டி ஈரமாக இருந்தது. ஒரு இடத்தில் தடித்து, பல் பதிந்து கிடந்தது. மாமா மூச்சு முட்டும்போது அதைக் கடிப்பவர் போல. அது என் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தது. வாயை மூடினால் மூச்சு இல்லை. திறந்தால் நாக்கில் உப்பு.

சொண்டில் இருந்த கறுப்பு வலைக்குள்ளால் உலகம் ஒரு சின்னச் சன்னல் அளவுதான் தெரிந்தது. முன்வரிசையில் அம்மா, மாமா, பெண்ணின் தகப்பனார், கடைசியில் பழுப்புக் குளிர்க்கோட்டோடு பெண். மாமா கையை நீட்டி நீட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார், அந்த மண்டபமே தன்னுடையது மாதிரி.

முதல் பகுதி எப்படியோ போனது. துள்ளினேன், சுற்றினேன். உடம்பு வெந்தது, பாதம் விறைத்தது. இரண்டாம் பகுதியில் அதே பெடியள் வந்தார்கள். இரண்டு பேர் செட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன், சோளச் சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிற மஞ்சள் சீஸ் குழம்பைக் கிண்ணத்தோடு சொண்டின் வலைமேல் கவிழ்த்து அழுத்தினான். "வாத்துக்குத் தீன்" என்று ஆங்கிலத்தில் கத்தினான். அது இளஞ்சூடாக வலைக்குள்ளால் புழுமாதிரி வந்து என் மூக்கில் விழுந்து, உதட்டுக்கு வழிந்து, கழுத்துக்குள் இறங்கியது. காற்று வருகிற ஒரே வழியும் அடைத்தது.

எப்படி அவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்தேனோ தெரியாது. முன்வரிசைக்கு முன்னால் இருந்த கம்பியில், கையுறை விலக, இரண்டு கையையும் ஊன்றினேன். துவாய்க்காரப் பெடியன் மற்றப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஈரம் துடைத்துக்கொண்டிருந்தான். மாமாவுக்கு நேரே நின்று சொண்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். திரும்ப இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தத் தட்டு என்னவென்று அந்த மண்டபத்தில் அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு ஒருவருக்கும் தெரியாது.

தகப்பனார் வாத்தைக் காட்டிக் குலுங்கிச் சிரித்தார். "தாரா உங்களுக்கு வணக்கம் சொல்லுது போலை கிடக்கு தம்பி!"

"ஓம் அங்கிள்," என்றார் மாமா. "எங்கடை தாராதான். நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறம்."

சொல்லிவிட்டுக் கை தட்டினார். அம்மாவும் தட்டினார்.

அப்போது எனக்குச் சத்தி வந்தது. தலைக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, கைகளால் சுவரைத் தடவித் தடவி, பெண்களின் வோஷ்றூமுக்குள் போய் விழுந்தேன்.

பின்னால் கதவு திறந்தது. பழுப்புக் கோட்டு.

"தலையைக் கழட்டு," என்றார் தமிழில்.

நான் அசையவில்லை. வெள்ளைக்காரன் மாதிரி நின்றேன்.

"கையிலை தங்கக் காப்புப் போட்ட வெள்ளைக்காரன் எங்கையாலும் இருக்கிறானே? கம்பியைப் பிடிக்கேக்கையே கண்டிட்டன். கழட்டு."

கழற்றினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் முகம் சுருங்கியது.

"ஆற்றை பிள்ளை நீ?"

"மாப்பிள்ளையின்ரை அக்காவின்ரை மகள்."

"நீ வீட்டிலை சோதினைக்குப் படிக்கிறாய் எண்டெல்லோ அம்மா சொன்னவ?" அவர் வாத்துத் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். "மற்ற நாளையிலை இதுக்குள்ளை நிக்கிறது ஆர்?"

அதற்கும் அம்மா ஒரு பதில் சொல்லித் தந்திருந்தார். எனக்கு அது மறந்துபோனது. "மாமா," என்றேன்.

அவர் கடதாசித் துவாய்களை இழுத்து இழுத்து நனைத்து, தலையின் உட்புறத்தைத் துடைக்கத் தொடங்கினார். அன்பாக என்று சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் மெஷின் துடைக்கிற ஆளின் வேகம். என் வாயைத் துடைக்கவும் ஒன்றைத் தந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆடவேணும்?"

"ரெண்டாம் பகுதியிலை பாதி கிடக்கு."

"ஏலுமோ?"

"ஏலாது அக்கா."

"ஆடாட்டி என்ன நடக்கும்?"

"மாமாவின்ரை வேலை போயிடும்."

"போனா?"

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். நெற்றிப் பொட்டைச் சரிசெய்தார். இந்தக் கல்யாணம் இதோடு சரி என்று நினைத்தேன். பயத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோசம் வந்தது. இனி இதற்குள் போகவேண்டியதில்லை, இந்த அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் முன்னால் நிறுத்துவார் என்று.

"குனி," என்றார்.

குனிந்தேன். அவர் தலையை மாட்டி, தாடைப் பட்டியை இழுத்துப் பூட்டி, என் காப்பைக் கையுறைக்குள்ளே தள்ளி மறைத்துவிட்டார்.

"நிலத்தைப் பாத்து நட. துள்ளாதை, கையை மட்டும் ஆட்டு. அவ்வளவு காணும்."

வெளியே வந்து கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். வலைக்குள்ளால் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி வந்து இருந்தார். தகப்பனார் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ கேட்டார். அவர் முன்னால் பார்த்தபடியே தலையை மேலும் கீழும் ஒருதரம் அசைத்தார். தகப்பனார் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் முற்றாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு மாமா சாமான் அறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தலையைக் கையில் எடுத்தவர் சிரிப்பை நிறுத்தி, "என்னடி, சத்தி மணக்குது? இதைக் கழுவவும் ஏலாது. அடுத்த மட்சுக்கு நான் என்னண்டு போடுறது?" என்றார். எனக்கு என்ன செய்தது என்று கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆணை இட்ட மாதிரி எல்லாம் நடந்து முடிந்த சந்தோசத்தில் அன்று இரவு பாயாசம் வைத்தார்.

பனி கரைவதற்குள் அணியையே மூடிவிட்டார்கள். கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்ததாம். அந்த வாத்து என்ன ஆனது என்று தெரியாது. மாமா சம்பந்தப் பகுதிக்கு, "கொம்பனியை மூடிட்டினம்," என்று மரியாதையாகச் சொன்னார். அவர்களும் மரியாதையாகக் கவலைப்பட்டார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எந்த வேலையைக் காப்பாற்ற என்னை உள்ளே தள்ளினார்களோ, அது தாலி கட்டும்வரைகூட இருக்கவில்லை. நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனபோது, வேறு ஆள் போட்ட உடுப்பைத் தந்தார்கள் என்பதற்காக இரண்டு வேலையை முதல் நாளே விட்டுவிட்டு வந்தேன். விசரி என்று அம்மா ஏசினார். ஏனென்று அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த அக்கா எனக்கு மாமியானார். நல்ல மாமிதான். வருடக்கணக்காக அவர் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் ஒரு சொல் பேசியதில்லை. போன கோடையில், அவர்களின் யூனியன்வில் வீட்டுக் குசினியில், வாயில் வந்துவிட்டது.

"மாமி, அண்டைக்கு ஏன் ஓம் எண்டனீங்கள்?"

எண்டைக்கு என்று அவர் கேட்கவில்லை. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த வருசம் அப்பா நாலு பேரைக் காட்டினவர். மற்ற மூண்டு பேரும் உண்மையா என்ன வேலை செய்தவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. இவர் என்ன செய்தவர் எண்டு மட்டும் தெரிஞ்சுது."

"நான் தட்டத் தட்ட அவர் பாத்துக்கொண்டு இருந்தவர், மாமி."

"ஓம். அதுவும் தெரிஞ்சுதான் ஓம் எண்டனான்."

ஹோலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. தொலைக்காட்சியில் ஏதோ ஆட்டம். அதன் சத்தத்துக்கு மேலால், "இஞ்சை, ரீ ஒண்டு கொண்டு வாருமன்," என்றார். ரீ கோப்பையில் ஊற்றி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். மாமி கத்தியை உயர்த்தாமல் என்னை மறித்தார்.

"எழும்பி வந்து எடுக்கச் சொல்லு."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. சோபா கிறீச்சிட்டது. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். மாமி அடுத்த கத்தரிக்காயை எடுத்தார்.

அவர் எழும்பி வந்தது அவவுக்குக் காணும் போல. எனக்குக் காணாது.